டிக்கியில் ஒரு கைத்துப்பாக்கி

அமெரிக்காவுல துப்பாக்கி வாங்குறது சுலபம்தான். அதைக் காரில் வெச்சு பக்கத்து மாநிலம் போறதுதான் கஷ்டம் மக்களே. பென்சில்வேனியா லைசென்ஸோட இடுப்பில் சொருகிக்கிட்டு டெலவேர் ஆத்துப் பாலம் தாண்டினா, நியூஜெர்சியில் அதே ஆள் குற்றவாளி.

1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மத்திய அரசு சட்டத்தை இறுக்கியது. ரொம்ப இறுக்கிட்டாங்கன்னு புலம்பினவங்களுக்காக 1986 மே 19 அன்று ரீகன் கையெழுத்திட்ட சட்டம் வழிப்பயணத்துக்கு ஒரு கதவு திறந்தது. கிளம்புற இடம், சேருற இடம் ரெண்டிலும் வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் உரிமை வேணும். குண்டு நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கி, குண்டு ரெண்டும் கைக்கெட்டாமல் டிக்கியில் இருக்கணும். தனி டிக்கி இல்லாத வண்டியா? பூட்டின பெட்டி. டேஷ்போர்டு அறை செல்லாது.

2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா கிளம்பிய ஒருத்தர் நியூஆர்க்கில் விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கிட்டு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருக்குன்னு அவரே சொல்ல, கைது! குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்டபோது, பெட்டி கைக்கெட்டிய அந்த ராத்திரி சட்டப் பாதுகாப்பு கிடையாதுன்னு 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு.

மனுஷன் வழியில் தூங்குவான்னு அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை பாருங்க!