பரிசலும் அதன் பழுதும்

மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கிவரும் காவிரி, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சென்று அடங்குமுன், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தில் பாறைகளால் பிளவுண்டு பல தாரைகளாக வீழ்கின்ற ஒகேனக்கல்லில், நெடுங்காலமாக மனிதரைச் சுமந்து வந்திருக்கும் கலம் பரிசல் ஒன்றுதான். முன்னணியம் பின்னணியம் என்ற பேதமும், சுக்கானும் இல்லாத இந்த வட்ட ஓடம், எத்தனையோ வகைப் படகுகள் தோன்றி மறைந்த பின்னரும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் வேகமோ அழகோ அன்று. பழுதுற்றால், அதை ஓட்டுகிறவனே, கைக்கெட்டிய பொருளைக்கொண்டு, சொற்பச் செலவில் செப்பனிட்டுக்கொள்ள முடிந்ததே காரணம் என்பது என் கருத்து.

பரிசலின் பழமைக்குச் சான்றுகள் உண்டு. கி.பி. 1520ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்க உதவிய கூடை போன்ற ஓடங்களைக் குறிப்பிட்டு, உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக அமைந்த அவை பதினைந்து இருபது பேரைத் தாங்கும் என்றும், நேராகச் செல்லமாட்டாமல் சுழன்றுகொண்டே போகும் என்றும் எழுதிவைத்தார். 1803ஆம் ஆண்டு மராட்டியருடன் நிகழ்ந்த போரில், பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி, தம் சேனை ஆறுகளைத் தாண்டுவதற்கு இத்தகைய தோலோடங்களையே செய்வித்தார். அதற்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னர், பாபிலோனின் வட்டப் படகுகளைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ், வணிகர் சரக்கை விற்றபின் படகின் சட்டத்தையும் அங்கேயே விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினர் என்கிறார். சட்டம் எங்கும் கிடைக்கும், தோல்தான் முதல் என்ற அந்தக் கணக்கு, எந்த நாட்டுப் பரிசல்காரனுக்கும் விளங்கக்கூடியதே. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், உலகத்து நீர்ப்போக்குவரத்தைக் குறித்து 1946இல் வெளியிட்ட நூலில், தென்னிந்தியப் பரிசலுக்கும் இடமளித்திருக்கிறார்.

ஒகேனக்கல் இன்று உல்லாசப் பிரயாணிகளின் ஸ்தலம். ஆனால் இங்கே ஆற்றைக் கடப்பது ஒரு காலத்தில் அன்றாடக் காரியமாக இருந்தது. எதிர்க்கரையைச் சேர்ந்த கொள்ளேகால் தாலுகா, 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மறுசீரமைக்கப்படும்வரை, கோயம்புத்தூர் ஜில்லாவின் பகுதியாக இருந்தது. இக்கரையோ சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். ஆலம்பாடி மாட்டினத்துக்குப் பேர்போன இந்தப் பிரதேசத்தில் தோலுக்கும், சுற்றிலும் வனமாகையால் மூங்கிலுக்கும் பஞ்சம் இருந்திராது.

மூங்கிலைப் பிளந்து சீவிய தப்பைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பை வளைத்துக் கட்டி, வெளிப்புறத்தில் தோலைப் போர்த்தியதே பழைய பரிசல். தோலைக் காய வைக்காவிட்டால் அழுகும். அதிகம் காய்ந்தால் வெடிக்கும். ஆகவே, அதைவிட மலிவாகத் தாரும் பிளாஸ்டிக் சாக்கும் கிடைக்கத் தொடங்கியதும், தோல் கழிந்தது, சட்டமோ மாறவில்லை. ஒழுகுகிற பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, வெயிலில் உலர்த்தி, பொருக்குத் தட்டிய பழைய தாரைச் சுரண்டி எடுத்து, கிழிசலின்மேல் சாக்குத் துண்டை வைத்து, உருக்கிய தாரைக் கந்தல் சுற்றிய கோலால் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. பாறையில் மோதி ஒரு தப்பை முறிந்தால், முழுப் பின்னலையும் பிரிக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றை உருவிவிட்டுப் புதியது ஒன்றைச் செருகினால் போதும்.

இனி, திசைதிருப்பும் உறுப்பு. பரிசலுக்கு அது துடுப்பு ஒன்றே. ஓட்டுகிறவன் ஒரு பக்கத்தில் அமர்ந்து, முன்னே நீரை வாரித் தன்பால் இழுக்கிறான். பக்கவாட்டில் தள்ளினால் ஓடம் சுழலும். பாறையில் ஊன்றி ஊன்றித் துடுப்பின் அலகு தேயும்; தேய்ந்ததை அறுத்துவிட்டு, வேறு பலகையை ஆணியடித்துக்கொள்ளலாம். இதற்கு மறுகோடியில் நிற்பது, 1959இல் வோல்வோ பென்டா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த விசைப்படகு அமைப்பு: எஞ்சின் படகினுள்ளே இருக்க, விசிறி தாங்கிய கால் பின்பலகைக்கு வெளியே தொங்கி இடவலமாகத் திரும்பும். அந்தத் திருப்பத்தைத் தாங்கும் அச்சும் புஷ்ஷும் தேய்ந்து ஆட்டம் கொடுத்துவிட்டால், படகைக் கரையேற்றி, காலைக் கழற்றி, உதிரிப் பாகத்தை விலைகொடுத்து வாங்கி மாட்டாமல் சீராகாது. பாறை நிறைந்த ஆழமற்ற நீரில் அந்த விசிறி ஒரு நாள் தாங்குவதும் அரிது. பரிசலோ, தண்ணீர் வற்றிய இடத்தில் தலையில் கவிழ்த்துத் தூக்கிச் செல்லத்தக்கது.

எனினும் பரிசலின் சிக்கனத்துக்கும் இப்போது சோதனை வந்திருக்கிறது. வனத்து மூங்கிலை நினைத்தபடி வெட்டிக்கொள்ளும் காலம் போயிற்று. ஒகேனக்கல்லுக்கு மேலே, ஆற்று நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து உயர்ந்து, மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும் நாட்களில் வருமானமும் நின்றுபோகிறது. தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களில் மீனவர் கைக்கு ஃபைபர் பரிசல்கள் வந்துவிட்டன. அவை அழுகுவதில்லை, நெடுநாள் உழைக்கின்றன. ஆனால் விரிசல் கண்டால், தார்ச்சட்டியால் ஆவது ஒன்றுமில்லை. பிசினும் கண்ணாடியிழைப் பாயும், அவற்றைக் கலந்து ஒட்டும் பழக்கமும் வேண்டும்.

புதிய கலத்தை வேண்டாம் என்பது பேதைமை. ஆனால் அதை மானியத்தில் வழங்கும் அதிகாரிகள், ஒட்டுப்போடும் வித்தையையும் அதற்கான பொருளையும் ஆற்றங்கரையிலேயே கிடைக்கச் செய்வார்களாக. தன் ஓடத்தைத் தானே செப்பனிடத் தெரியாதவன், அதற்கு உரியவனாயினும், பட்டறைக்காரனுக்குக் கடன்பட்டவனாகவே காலந்தள்ள வேண்டியிருக்கும்.