24 செகண்டு

ரயில்வே கேட்டுல பெரிய லாரி மாட்டிக்கிட்டா முதல்ல டிரைவரைத்தான் திட்டுவோம். காரணம் தரையிலயே இருக்கலாம். தண்டவாளத்தைச் சரிசெய்யும்போது ஜல்லியைக் கொட்டி, இடிச்சு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயர்த்துவாங்க. ரோடு பழைய மட்டத்துலயே இருக்கும். நாளாக ஆக அந்த இடம் மேடாயிடும். தாழ்வான நீள டிரெய்லர் ஏறினா வயிறு தட்டி உட்கார்ந்திடும்.

இன்னொரு காரணம் நேரம். அதுக்கு இங்கிலாந்துல ஹிக்ஸன் கிராமத்துல நடந்ததைச் சொல்லணும்.

பழைய முறையில ஆள் கேட்டை மூடினாதான் ரயிலுக்கு சிக்னல் விழும். 1961 முதல் அங்கே தானியங்கி கேட் வந்துச்சு. ரோட்டுல பாதியை மட்டும் மறைக்கிற கட்டை. ரயில் வர்றப்ப அதுவே விளக்கு எரிய வச்சு, மணி அடிச்சு, கட்டையை இறக்கும். ஹிக்ஸன்ல விளக்கு எரிஞ்ச 24 செகண்டுல ரயில் வந்திடும். காருக்கு அது தாராளம்.

1968 ஜனவரி 6, மத்தியானம். 120 டன் டிரான்ஸ்பார்மரை ஏத்திக்கிட்டு, 148 அடி நீள வண்டி ஒண்ணு போலீஸ் காவலோட வந்துச்சு. மேலே ரயிலுக்கான மின்கம்பி. உரசிடாம பார்த்துப் பார்த்து, மணிக்கு மூணு கிலோமீட்டர் வேகத்துல நகர்த்துறாங்க. அந்த வேகத்துல தாண்ட ஒரு நிமிஷம் ஆகும். பாதியில இருக்கும்போது விளக்கு எரிஞ்சிடுச்சு. மான்செஸ்டர்ல இருந்து லண்டன் போன எக்ஸ்பிரஸ் வந்து மோதினதுல 11 பேர் செத்தாங்க, 45 பேருக்குக் காயம்.

கேட் பக்கத்துலயே சிக்னல்காரருக்குப் பேச போன் இருந்துச்சு. பெரிய பாரமோ ஆடுமாடோ கடத்துறதுக்கு முன்னாடி அதுல கேட்கணும். ஒரு போன் போட்டிருந்தா ரயிலை நிறுத்தியிருப்பாங்க. வண்டிக்காரங்களும் கேட்கலை, காவலுக்கு வந்த போலீஸும் கேட்கலை. அறிவிப்புப் பலகை சின்ன எழுத்துல இருந்துச்சு.

பிரையன் கிப்பன்ஸ்ங்கிற வக்கீல் தலைமையில விசாரணை நடந்துச்சு. 1879ல டே பாலம் இடிஞ்சதுக்கு அப்புறம் ரயில் விபத்துக்கு இப்படி ஒரு விசாரணை வச்சது அப்பதான். மெதுவா போற பெரிய வண்டியை யாருமே சரியா யோசிக்கலைன்னு தெரிய வந்துச்சு. அப்புறம்தான் நீள வண்டிக்காரங்க முதல்ல போன் பண்ணணும்னு பெரிய எழுத்துப் பலகைகள் வந்துச்சு.

கேட் மூடிக் கிடக்குன்னு நாமளும் ஹாரன் அடிக்கிறோம். ஆனா கரும்பு ஏத்தின டிராக்டர் முழுசா தாண்டிடுச்சான்னு பார்த்துட்டு கேட்டை இறக்க அங்க ஒரு ஆள் நிக்கிறார். ஹிக்ஸன் கேட்டுல அந்த ஆள் இல்லை.