நுங்கும் பதனீரும்: கோடைத் தின்பண்டத்தின் பழமை

தமிழகத்துச் சிறுவர்களின் கோடைத் தின்பண்டங்களுள் நுங்கு, அதாவது பனங்காய் முற்றுவதற்குமுன் அதன் கண்களுக்குள் திரளும் இளகிய பருப்பு, மிகப் பழமையானது. இளம் பனங்காயின் நீரைக் கருப்பஞ்சாற்றுடனும் இளநீருடனும் கலந்து பருகிய வழக்கத்தைப் புறநானூற்றின் 24ஆம் பாடல் குறிப்பிடுவதால், இச்சுவை சங்ககாலத்திலேயே போற்றப்பட்டது தெளிவு. நெல் விளையாத தேரி நிலங்களில், அதாவது தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் மேடுகளில், வேனிற்காலத்து உணவும் வருவாயும் பெரும்பாலும் பனையிலிருந்தே கிடைத்தன. பாளையைச் சீவிக் கலயம் கட்டும் பனையேறிகள், சாறு புளித்துக் கள்ளாகாதிருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினர். அவ்வாறு இறங்கிய பதனீரில் நுங்கை வழித்துப்போட்டுப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பது, அடுப்பும் சர்க்கரையும் வேண்டாத, நீர்ச்சத்து நிறைந்த சிற்றுணவாயிற்று. உண்டபின் எஞ்சிய கூந்தல்கள், அதாவது நுங்கு நீக்கிய பனங்காய்க் கூடுகள், இரண்டைக் குச்சியால் இணைத்துச் சிறுவர்கள் வண்டியும் உருட்டினர் என்பதையும் இவ்வரலாற்றில் சேர்த்தே எண்ணவேண்டும். தமிழகத்தின் மாநில மரமாகப் பனை ஏற்கப்பட்டிருந்தும், செங்கற்சூளை விறகுக்காக அது பெருமளவில் வெட்டப்பட்டதும், உயிரைப் பணயம் வைக்கும் பனையேற்றத்தை அடுத்த தலைமுறை கைவிட்டதும் பெரும் இழப்பாகும். எனினும் சித்திரை, வைகாசியில் சாலையோரங்களில் நுங்கு இன்றும் குலைகுலையாக வந்திறங்குகிறது.