வீட்டுக்கு ஓர் ஆள்

'கிராமம் சம்மதித்தது' என்று வரலாற்று நூல்களில் படிக்கும்போதெல்லாம், கிராமம் என்றால் யார் என்று கேட்கத் தோன்றும் எனக்கு.

இமயமலையின் குமாவுன் பகுதியில் 1911 முதல் 1917 வரை பிரிட்டிஷ் அரசு காடுகளை வரையறுத்து, ஊரார் காலங்காலமாகப் புழங்கியவற்றைக் காப்புக்காடாக்கியது. 1921 கோடையில் அந்தக் காடுகள் எரிந்தன. பெரும்பாலும் மக்களே வைத்த தீ. அரசு இறங்கிவந்து குறைகேட்புக் குழு அமைத்தது; 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. புல் எப்போது அறுக்கலாம், விறகு எவ்வளவு எடுக்கலாம், மீறினால் என்ன அபராதம் என்பதை இனி ஊரே முடிவுசெய்யும். போராடிப் பெற்ற உரிமை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். புல்லுக்கும் விறகுக்கும் மலையேறியவர்கள் பெண்கள்.

இந்த இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது பக்கத்துக் கர்வாலில். 1980இல் சமோலி மாவட்டத்து டுங்ரி-பைந்தோலியில், உருளைக்கிழங்கு விதைப் பண்ணைக்காக ஓக் மரக் காட்டை வெட்ட தோட்டக்கலைத் துறை திட்டமிட்டது. பதிலுக்குச் சாலை, பள்ளி, மருத்துவமனை, மின்சாரம். ஊர்மன்றத்து ஆண்கள் சம்மதித்தார்கள். பெண்கள் மறித்தார்கள். மிரட்டலையும் தாங்கி நின்று காட்டைக் காப்பாற்றினார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப பள்ளிக்கூடம் வேண்டாம்னுட்டாங்களா, மேடம்?"

அந்தக் கேள்வி என்னைச் சற்று நிறுத்தியது. பள்ளியும் மருத்துவமனையும் அவர்களுக்கும் தேவைதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டாமென்று எந்தப் பெண் சொல்வாள்? ஆனால் அதற்கான விலையைப் பேசியவர்கள் ஆண்கள், கொடுக்கவேண்டியவர்கள் பெண்கள். அந்த ஓக் இலைதான் மாட்டுக்குத் தீவனம், கிளைதான் அடுப்புக்கு விறகு. காடு போனால் அவற்றுக்காக இன்னும் பல மைல் நடக்கவேண்டியது அவர்கள்தான். எங்களை ஏன் ஊர்மன்றத்தில் சேர்ப்பதில்லை என்ற கேள்வி சிப்கோ பெண்களிடமிருந்து எழுந்ததில் வியப்பென்ன?

1990இல் கூட்டு வன மேலாண்மை வந்தபோதும் பல மாநிலங்களில் உறுப்பினர் 'வீட்டுக்கு ஓர் ஆள்'தான். பெண் என்று தடுக்கவில்லை. ஆனால் அந்த ஓர் ஆள் யாராக இருந்திருப்பார்? பொருளியலாளர் பினா அகர்வால் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குழு காட்டை மூடியது, மரங்கள் தழைத்தன, அறிக்கைகளில் அது வெற்றி. அடுப்பு மட்டும் மூடப்படவில்லையே. அதற்காகப் பெண்கள் வெகுதூரம் நடந்தார்கள். முடியாதபோது தம் ஊர்க் காட்டிலேயே ஒளிந்து சுள்ளி பொறுக்கினார்கள். விதிப்படி அது திருட்டு.