படகுக்காரத் தெருவின் கதையை யார் சொல்வது?



“நீடித்து நிலைக்கும் சுற்றுலாத் துறையில் பணியாற்றுவோருக்குத் தொடர் பயிற்சி தேவையா?” என்பது இம்முறை கருத்தரங்கில் எடுத்துக்கொண்ட தலைப்பு. இதைக் கேட்டவுடன் ஹோட்டல், கடற்கரை, பிளாஸ்டிக் போத்தல் என்றுதான் மனம் போகும். நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. பினாங்கின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்து, அதிலிருந்தே பதில் தேடலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு சுற்றுலா வழிகாட்டி ஒரு தெருமுனையில் ஐந்து நிமிடம் நின்று பேசுகிறார். இருபது பேர் கேட்கிறார்கள். அந்தத் தெருவைப் பற்றி அவர்கள் வாழ்நாளில் கேட்கப்போவது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். அதில் நம் முன்னோர் இடம்பெற்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை!

முதல் வழிகாட்டிகள்

1786-ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இத்தீவில் கால் வைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1794-இல், இங்கு வாழ்ந்த மக்களைப் பற்றி அவர் மேலிடத்துக்கு எழுதினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்கே இருக்கிறார்கள். கடைக்காரர்களாகவும் கூலிகளாகவும் உழைக்கிறார்கள். இது தவிர ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, சில டாலர் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்பது அவர் தந்த கணக்கு. ஜார்ஜ்டவுன் பிறந்தபோதே தமிழனும் உடன் இருந்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

கப்பலில் வந்த சரக்கைக் கரை சேர்க்கப் படகுக்காரர்கள் வேண்டும். விலை பேச இரு மொழி தெரிந்தவர் வேண்டும். சோழமண்டலத் துறைமுகங்களில் அவர்களைத் துபாஷி என்பார்கள். புதிதாக வந்தவனுக்கு ஊரைக் காட்டி, வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் இவர்களுடையதே. மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவும் தமிழ், அரபு வழிவந்தவர்தான். மலாக்காவில் பிறந்து, ராபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றி, வெள்ளைக்காரர்களுக்கு மலாய் மொழி கற்பித்தவர் அவர். சுற்றுலா என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே, அந்நியனுக்கு இந்த மண்ணைப் புரியவைத்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள் இன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. சூலியா ஸ்திரீட் என்று வீதியின் பெயரிலேயே இருக்கிறார்கள். 1801-இல் கம்பெனி வழங்கிய நிலத்தில் எழுந்தது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்கா. குவீன் ஸ்திரீட்டில் 1833-இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் ஆலயம். நகராட்சி வைத்த பெயர் ஒன்றிருக்க, நம்மவர்கள் மார்க்கெட் ஸ்திரீட்டைக் கடைத்தெரு என்றார்கள். இன்னொன்றைப் படகுக்காரத் தெரு என்றார்கள். பெயர்ப் பலகையில் இல்லாத இந்தப் பெயர்கள் வாய்வழியாகவே வாழ்ந்தவை. சொல்ல ஆளில்லாவிட்டால் அவை போய்விடும்.

பட்டியல் அதோடு முடியவில்லை. 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்புதான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கம். 2016-இல் அதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். 1880-களிலேயே நாகூர் குலாம் காதிறு நாவலர் இங்கே ‘வித்தியா விசாரிணி’ ஏட்டை நடத்தினார். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளி இரதம் 1894-இல் நகரத்தார் கொண்டுவந்தது. 1942-இல் வழக்கறிஞர் என். ராகவன் தலைமையில் சுயராஜ்யப் பயிற்சிக் கழகம் பினாங்கில் இயங்கியது. அங்கு பயிற்சி பெற்ற இளைஞர்கள் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட சிலர் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இவற்றில் எத்தனையை ஒரு சராசரிச் சுற்றுப்பயணி கேட்டுவிட்டுப் போகிறார்?

ஊர் காலியான கதை

1969-இல் பினாங்கின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி பறிபோனது. வேலை இல்லாத் திண்டாட்டம் வாட்டியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின; பத்து ஃபெரிங்கியில் ஹோட்டல்கள் எழுந்தன. அப்போதைய சுற்றுலா என்றால் வெயிலும் கடலும்தான். பழைய நகரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பழைய நகரம் பிழைத்திருந்ததற்கு ஒரு சட்டம் காரணம். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வாடகையை உயர்த்த முடியவில்லை. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதிலும் இலாபமில்லை. அதனால் தையற்காரரும் பூக்கட்டுபவரும் பொற்கொல்லரும் தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் தங்கினார்கள். அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முழுமையாக அகன்றது. வாடகை ஏறியது. குடும்பங்கள் வெளியேறின. காலியான கடைவீடுகள் சிலவற்றில் மனிதருக்குப் பதிலாகப் பறவைக்கூடு வணிகத்துக்காக உழவாரக் குருவிகள் குடியேறின! அவற்றை 2013 இறுதிக்குள் அகற்ற மாநில அரசு கெடு வைக்கும் அளவுக்கு நிலைமை போனது.

இதற்கிடையில், 1986-இல் தோன்றிய பினாங்கு மரபுடைமைக் கழகம் போன்றோர் விடாமல் குரல் கொடுத்து வந்தார்கள். 2008 ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனின் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர். அடுத்த ஆண்டே 18 மீட்டர் உயர வரம்பை மீறும் நான்கு கட்டடத் திட்டங்களால் அந்தத் தகுதிக்கு ஆபத்து வந்து, யுனெஸ்கோ குழு நேரில் வந்து பார்த்துச் சென்றதும் நினைவிருக்கலாம்.

பட்டியலில் சேர்ந்ததால் கூட்டம் வந்தது. 2012-இல் வரையப்பட்ட சுவரோவியங்கள் முன் படமெடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. ஆனால் 2009-இல் ஏறத்தாழ பத்தாயிரமாக இருந்த மையப் பகுதியின் மக்கள்தொகை, 2013 கணக்கெடுப்பில் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. வருவோர் கூட, வாழ்வோர் குறைகிறார்கள். யுனெஸ்கோ போற்றியது கட்டடங்களை மட்டுமல்ல; அவற்றுக்குள் இன்னும் நடக்கும் வழிபாட்டையும் தொழிலையும் பல இனத்தார் கூடி வாழும் வாழ்க்கையையும் சேர்த்துத்தான். மக்கள் போய்விட்டால் எஞ்சுவது வண்ணம் பூசிய சுவர்தான்.

பயிற்சி எங்கே வருகிறது?

நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் யாரும் சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்யக்கூடாது. அடிப்படைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, தேர்வில் தேறி, உரிமம் பெறவேண்டும். அதன் பிறகும் தொடர்கல்வி வகுப்புகள் உண்டு. “பாஸ் பண்ணியாச்சு, இனி எதற்குப் படிப்பு?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் அப்படிக் கேட்போமா? வரலாறும் வளரும் துறைதான். புதிய ஆய்வுகள் வருகின்றன, பழைய ஆவணங்கள் வெளிவருகின்றன. இருபது ஆண்டுக்கு முன் மனப்பாடம் செய்ததையே ஒப்பித்தால் அது பழைய ஒலிநாடா.

இதை வெளியுலகம் எப்போதோ உணர்ந்துவிட்டது. அமெரிக்கப் பூங்காக்களில் மரபை விளக்கும் கலையைப் பற்றி ஃபிரீமன் டில்டன் 1957-இல் ஒரு நூல் எழுதினார். தகவலை அடுக்குவது விளக்கம் ஆகாது, கேட்பவரைச் சிந்திக்கத் தூண்டுவதே அதன் நோக்கம் என்பது அவர் கருத்தின் சாரம். 2005-இல் பட்டியலில் சேர்ந்த மக்காவில், அங்குள்ள சுற்றுலாக் கல்விக் கழகமும் யுனெஸ்கோவின் பேங்காக் அலுவலகமும் கைகோத்து, பாரம்பரியத் தலங்களுக்கென்றே சிறப்பு வழிகாட்டிகளை உருவாக்கும் பயிற்சியை அமைத்தன. எந்தத் தலமாக இருந்தாலும், அதன் மதிப்பு என்ன, கூட்டத்தால் அதற்கு என்ன தீங்கு, உள்ளூர் மக்களுக்கு என்ன பயன் என்ற மூன்றையும் தெரிந்த வழிகாட்டி வேண்டும்.

பினாங்கிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மரபுடைமைக் கழகம் சொங்கோக் தைப்பது, மணிக்காலணி செய்வது போன்ற அருகிவரும் கைத்தொழில்களை மூத்த கைவினைஞர்களிடம் இளையோர் கற்கும் திட்டத்தை நடத்தியது. 2010-இல் அமைந்த ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம், பழைய கட்டடங்களை முறைப்படி பழுதுபார்க்கும் பயிற்சிகளை நடத்தி வருகிறது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் கெடும். இது தெரிந்த கொத்தனாரும் சுற்றுலாத் துறை ஊழியர்தான் என்பேன்!

லிட்டில் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாதவர், “இது இந்தியர் பகுதி, வாசனைப் பொருள் வாங்கலாம், இருபது நிமிடம் டைம்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். பயிற்சி பெற்றவர் கிட்டங்கியின் வாசலில் நிறுத்தி, நகரத்தார் கடன் கொடுத்த முறையைச் சொல்வார். கண்டார் என்பது தோளில் சுமந்த காவடித் தண்டு, அதிலிருந்துதான் நாசி கண்டார் என்ற பெயர் வந்தது என்பார். கோயிலுக்குள் போகுமுன் காலணியைக் கழற்றச் சொல்வார். பூசை நேரத்தில் கேமராவை இறக்கச் சொல்வார். பூக்கடைக்காரரிடம் பேசவைத்து ஒரு முழம் பூ வாங்கவும் வைப்பார். முதலாமவரின் சுற்றில் தெருவுக்குக் கிடைப்பது நெரிசல். இரண்டாமவரின் சுற்றில் தெருவுக்கு மரியாதையும் கிடைக்கும், நாலு காசும் கிடைக்கும். அந்த நாலு காசு இருந்தால்தான் பூக்கடைக்காரர் வாடகை கட்டி அங்கேயே இருக்க முடியும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இந்தத் தொழில் ஒரே நாளில் நின்றுபோனது. 2022 ஏப்ரலில்தான் எல்லைகள் முழுமையாகத் திறந்தன. வெளிநாட்டுக் கூட்டத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின. உள்ளூர்ப் பள்ளி மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் சொல்லத் தெரிந்த வழிகாட்டிக்குத்தான் இனி எதிர்காலம்.

நாம் செய்யவேண்டியது

நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும். “வேறு வேலை கிடைக்கலையா?” என்று கேட்கும் பெற்றோர், தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பொருத்தமான துறை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆலய நிர்வாகங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தங்களிடமுள்ள பழைய கணக்கேடு, புகைப்படம், கல்வெட்டுச் செய்திகளைத் தொகுத்து வழிகாட்டிகளுக்குத் தரவேண்டும். தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களை இந்தத் தெருக்களில் நடக்கவைக்கவேண்டும். ஏற்கெனவே உரிமம் பெற்ற அன்பர்கள், தொடர்கல்வி வகுப்பை உரிமத்துக்கான சடங்காக நினைக்காமல், நம் தெருக்களின் வரலாற்றையும் பாடத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.

படகுக்காரர்கள் எழுதிவைத்துப் போகவில்லை, சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்ட தலைமுறை முதுமையடைந்து வருகிறது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாத்தா பாட்டியிடம், அவர்கள் காலத்தில் எந்தத் தெருவை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாளைய வழிகாட்டிக்கு அதுதான் முதல் பாடநூல்.