கச்சேரியும் பாங்கும்

நஞ்சையின் பலன் காவிரித் தண்ணீரையும் பருவமழையையும் பொறுத்து ஆண்டுக்காண்டு மாறியபடியால், மாதம் தவறாத சம்பளத்தையும் முதுமையில் வரும் பென்ஷனையும் பெரும் பாக்கியமாகக் கருதிய வலங்கைமான் வட்டாரத்துக் குடும்பங்கள், தாலுகா கச்சேரிக் குமாஸ்தா வேலையையே பிள்ளைகளின் லட்சியமாக்கியதில் ஆச்சரியமில்லை. 1929-இல் சென்னை ராஜதானிக்கு சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டதும் அது நடத்திய உத்தியோகப் பரீட்சையின் மதிப்பு உயர்ந்தது. வலங்கைமானிலேயே 1869-இல் பிறந்த சீனிவாச சாஸ்திரியாரோ, தலைமையாசிரியர் பதவியையும் துறந்து, 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அத்தியாகம் எல்லோருக்கும் சாத்தியமா?

பாங்க் உத்தியோகத்துக்கு அந்த கௌரவம் உடனே வாய்க்கவில்லை. பக்கத்துக் கும்பகோணத்தில் 1904-லேயே கும்பகோணம் பாங்க் தோன்றியிருந்தும், 1906-இல் சென்னை அர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ பேரின் சேமிப்பு கரைந்த துயரம் ஜனங்களின் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. அந்தத் துயரத்திலிருந்தே மறு ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் பாங்க் உதித்தது.

1969 ஜூலை 19 அன்று பதினான்கு பாங்குகள் தேசியமயமானபின் தராசு பாங்கின் பக்கம் சாயத் தொடங்கியது. ஒருபுறம் கச்சேரியில் அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கும், ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கணக்குத் தணிக்கையும். மறுபுறம் பாங்கில் பேரேடும் ரொக்கமும் ஒத்துவராமல் வீடு திரும்ப முடியாத மாலைகள். இரண்டும் கடும் உழைப்பே என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் தேசியமயமான பாங்குகளின் சிப்பந்திகளுக்கு பிராவிடண்ட் பண்டுக்குப் பதிலாகப் பென்ஷன் விதிகள் வந்தது 1995-இல்தான்; அதுவரை பெரியவர்கள் கச்சேரியின் பக்கமே பேசினார்கள்.