முன்னே கொடுத்ததா, பின்னே கொடுத்ததா?

கீழாநெல்லியை அடையாளம் காட்ட அப்பத்தா கொப்பைப் புரட்டிக் காட்டுவாள். அடியில் கடுகு கோத்ததுபோல் வரிசையாகக் காய்கள். காமாலை என்று யார் வந்தாலும் செடியை வேரோடு பிடுங்கி அம்மியில் வைப்பாள். நெல்லிக்காய் அளவு உருண்டை, மோரில் கரைத்து, வெறும் வயிற்றில். உப்பும் எண்ணெயும் ஆகாது.

பின்னாளில் மருந்தியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே அதே செடி சாறாகிப் பாட்டிலில் இருந்தது. பக்கத்துப் பாட்டிலில், எலிகளின் கல்லீரலைக் கெடுக்க நாங்கள் ஏற்றும் நஞ்சான கார்பன் டெட்ராகுளோரைடு; மூடியைத் திறந்தால் தித்திப்பு வாசனை. ஒரு காலத்தில் தீயணைப்பானிலும் உலர்சலவைக் கடையிலும் புழங்கிய திரவம். 1921இல் மாரிஸ் ஹால் என்ற அமெரிக்கர் கொக்கிப்புழுவுக்கு மருந்தாகவே இதைச் சொன்னார். கல்லீரல் இதை உடைக்கும்போது பிறக்கும் துணுக்கு, செல்லின் கொழுப்புச் சவ்வை அரிக்கும். செல் கசிய, ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகளின் அளவு ஏறும். நஞ்சு ஏறிய எலியின் ஈரல், செம்பழுப்பு போய் வெளிறிக் கொழுத்துக் கிடக்கும்.

சாறு குடித்த எலிக்கு அந்த எண்கள் குறைவாகவே ஏறும். ஒப்பிட்டுப் பார்க்க சிலிமாரின் என்ற கல்லீரல் மருந்து. 1960களில் மியூனிக்கில் ஒரு முட்செடியின் விதையிலிருந்து பிரித்தது. ‘கல்லீரலைக் காக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஆனால் நாங்கள் பெரும்பாலும் சில நாள் சாறு கொடுத்துவிட்டுத்தான் நஞ்சை ஏற்றினோம். அப்பத்தாவிடம் கண் மஞ்சளாகும் முன் ஒருவரும் வந்ததில்லை.

1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி. 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு வேறு இடங்களில் செய்த பல சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

அப்பத்தாவிடம் வந்தவர்களில் பலருக்குத் தண்ணீரால் வந்த காமாலையாக இருந்திருக்கலாம். அது பெரும்பாலும் சில வாரத்தில் தானே வடிந்துவிடும். அவள் கைராசியை நான் குறைத்துப் பேசவில்லை. யாராவது மூலிகை ஆய்வு என்று தாளை நீட்டினால் மட்டும், கொப்பைப் புரட்டுவதுபோல் பக்கத்தைப் புரட்டித் தேடுகிறேன்: சாறு முன்னே கொடுத்ததா, பின்னே கொடுத்ததா?